இறையாத கிணறும் பூட்டிய கணினியும்

“இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்” என்பது நம் முன்னோர் அனுபவத்தாற் கண்டு மொழிந்த உண்மை. துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் வழங்கிய இப்பழமொழி, துலா மறைந்து நீரிறைக்கும் பொறி வந்த பின்னரும் தன் பொருளை இழந்திலது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிடையே வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. எனினும், இம்மொழி கிணற்றுக்கு மட்டுமன்றி, இக்கால மாணவனுக்கு இன்றியமையாக் கருவியாய் அமைந்துவிட்ட கணினிக்கும் பொருந்தும் என்பதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி அன்னை விழாக் கொண்டாடும் இவ்வாண்டில், அவள் மைந்தர் பலரும் யாது காணிக்கை செலுத்துவது என்று சிந்தித்து வருகின்றனர். முற்காலத்தில் இத்தகைய காணிக்கைகள் மண்டபமாகவும் கிணறாகவும் நூல்நிலையத்து அலுமாரியாகவும் வந்தன. இக்காலத்தில் அவை பெரும்பாலும் கணினிகளாக வருகின்றன. கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்கள், தாம் பயின்ற காலத்தில் தமக்குக் கிட்டாத வசதி தம் தம்பியர்க்குக் கிட்டுக என்னும் அன்பினால் ஈயும் பொருள் அது. அக்கொடையை இகழ்வது எம் கருத்தன்று. ஆயினும், கொடுத்த கணினி எத்தனை ஆண்டு உயிர்வாழ்கின்றது, அவ்வாழ்நாளில் எத்தனை மாணவர் கைபட்டு வாழ்கின்றது என்னும் இரு வினாக்களையும் எழுப்புவோர் மிகச் சிலரே.

அண்மையில் ஒரு பாடசாலையின் கணினிக்கூடத்தைக் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. அதன் பெயரைக் கூறுதல் முறையன்று. அதனையொத்த கூடங்கள் பலவாதலின் கூறவேண்டிய தேவையும் இல்லை. அன்பர்கள் வழங்கிய 20 மேசைக் கணினிகள் அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் துணியுறை, சாளரங்கள் யாவும் அடைப்பு, வாயிலிற் பெரியதொரு பூட்டு. “பிள்ளைகள் கைவைத்தாற் பழுதாகிவிடும், திருத்துவதற்குக் காசு இல்லை, ஆகவே பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்” என்றார் பொறுப்பாசிரியர். அவரைக் குறைகூறுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. பொருட்கணக்கு எடுக்கும் நாளில் விடைகூற வேண்டியவர் அவரன்றோ?

எம் வேண்டுகோட்கு இணங்கி அவர் பூட்டைத் திறந்து மின்னிணைப்பைக் கொடுத்தபோது, 20 கணினிகளுள் எட்டே விழித்தெழுந்தன. ஏனையவற்றுட் சில மூச்சுக் காட்டவில்லை. சில திகதியையும் நேரத்தையும் மறந்து தடுமாறின. ஒன்றின் பக்கத்தகட்டைக் கழற்றினோம். உள்ளே பல்லி முட்டைகளும், துருவேறிய திருகாணிகளும் காணப்பட்டன. அன்று மாலை அதே பாடசாலையின் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கே எழுதுவினைஞர் ஒருவர், 11 ஆண்டுகளாக நாள்தோறும் தட்டச்சுச் செய்துவரும் கணினியில் அமைதியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். விடுமுறைதோறும் இளம் ஆசிரியர் ஒருவர் அதனைத் திறந்து தூசி தட்டிவருகின்றார் என்று அறிந்தோம். உழைத்த கணினி வாழ்கின்றது. ஓய்ந்திருந்த கணினிகள் மாண்டன. இதற்குக் காரணம் யாது?

கணினியின் ஆயுளைப் பற்றி நம்மவரிடையே இரு கொள்கைகள் வழங்குகின்றன. ‘வண்டிச் சில்லு உருள உருளத் தேய்வதுபோலக் கணினியும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், ஆகவே பயன்பாட்டைக் குறைப்பின் ஆயுள் நீளும்’ என்பார் ஒருசாரார். ‘அஃது உயிரற்ற பொறி, களைப்பறியாது, இரவுபகலாக ஓடவிட்டாலும் கேடில்லை’ என்பார் மற்றொருசாரார். முன்னையோர் பூட்டுகின்றனர், பின்னையோர் அணையாது விடுகின்றனர். இரு கொள்கையும் பிழை என்பதே எம் துணிபு. கணினியைக் கொல்வது பயன்பாடன்று. வெப்பமும் தூசியும் ஈரமும் கவனிப்பின்மையுமே. பயன்பாடு தீங்கு செய்யுமாயின், அதுவும் பெரும்பாலும் வெப்பத்தின் வாயிலாகவே செய்கின்றது.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கணினியின் உடலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். மேசைக் கணினியில் உண்மையாக உருண்டு தேயும் உறுப்புக்கள் மிகச் சில. காற்றை இழுக்கும் விசிறிகளும், பழைய முறை வன்தட்டுமே அவை. ஏனைய உறுப்புக்கள் அசைவதில்லை. ஆயினும் அவையும் முதுமை எய்துகின்றன. தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் சிறு தகர உருளைகள்போல நிற்கும் கொள்ளளவிகளைப் பலரும் கண்டிருப்பர். மின்னோட்டத்தின் ஏற்றவிறக்கங்களைச் சமன்செய்யும் பணி அவற்றினுடையது. அவற்றுட் பலவற்றின் உள்ளே மின்பகு திரவம் ஊறிய தாள் சுருட்டப்பட்டிருக்கும். அத்திரவம் காலப்போக்கில் மெல்ல மெல்ல ஆவியாய்க் கசிந்து வற்றுகின்றது. வற்றிய கொள்ளளவி, வற்றிய கிணறே. 2000 ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளிற் குறைபாடுடைய திரவத்தாற் செய்யப்பட்ட கொள்ளளவிகள் உலகெங்கும் கணினிகளுள் வீங்கி வெடித்தமையை அக்காலத்துத் திருத்துநர் மறந்திரார்.

இவ்வற்றுதலை விரைவுபடுத்துவது வெப்பம். வெப்பநிலை உயர இரசாயன மாற்றங்கள் எவ்வாறு விரைவடைகின்றன என்பதனை 1889 ஆம் ஆண்டிற் கணிதச் சூத்திரமாக வகுத்துரைத்தவர் சுவீடன் தேசத்து விஞ்ஞானி சுவாந்தே அரீனியசு என்பவர். 1903 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே. அவர் காட்டிய நெறியைப் பின்பற்றிப் பொறியியலாளர் ஓர் அண்ணளவான விதியைக் கையாளுகின்றனர். கொள்ளளவியின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறையுந்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும். 10 பாகை ஏறுந்தோறும் பாதியாகும் என்பதே அவ்விதி.

கணக்கிலே ஆர்வமுடைய மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ‘105 பாகையில் 2000 மணி’ என்பது கொள்ளளவிகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் வழக்கமான அளவுகளுள் ஒன்று. அக்கொள்ளளவி 65 பாகையில் வேலை செய்யுமாயின், நான்கு முறை இரட்டித்து 32,000 மணி வாழும். பாடசாலைக் கணினி ஆண்டுக்கு 200 நாளும் நாளுக்கு 6 மணி நேரமும் ஓடுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 1200 மணி ஆகின்றது. எனவே அக்கொள்ளளவிக்கு 26 ஆண்டுக்கு மேற்பட்ட ஆயுள் உண்டு. அதே கணினியை இரவுபகல் அணையாது விட்டால் ஆண்டுக்கு 8760 மணி; ஆயுள் நாலாண்டுக்குள் அடங்கிவிடும். இனி, தூசியடைத்துக் காற்றோட்டம் தடைப்பட்டு உள்வெப்பம் 20 பாகை ஏறி 85 ஆயிற்று என வைத்துக்கொள்வோம். 32,000 மணி 8000 மணியாகச் சுருங்கும். பள்ளி நேரத்துக்கு மட்டும் ஓடும் கணினியில் 26 ஆண்டு என்று கண்ட ஆயுள், ஏழாண்டுக்கும் குறைந்துபோகின்றது. இஃது அண்ணளவான கணக்கே. வேறு உறுப்புக்கள் முந்திப் பழுதாதலும் கூடும். ஆயினும் ஒன்று தெளிவு. பிள்ளைகள் பாடநேரத்திற் பயன்படுத்துவதனால் வரும் தேய்வைவிட, தூசி துடையாமையால் வரும் தேய்வு பன்மடங்கு பெரிது.

கணினியின் மூளையெனப்படும் முறைவழியாக்கியும் வெப்பத்துக்கு விலக்கன்று. அதனுள் ஓடும் நுண்ணிய உலோக இழைகளில், மின்னோட்டத்தின் தள்ளுதலால் உலோக அணுக்களே இடம்பெயர்ந்து, இழை நாளடைவில் மெலிந்து அறுதலும் உண்டு. இவ்விளைவை மின்னோட்டச் செறிவோடும் வெப்பநிலையோடும் தொடர்புபடுத்தி 1969 ஆம் ஆண்டிற் சமன்பாடு வகுத்தவர் ஜேம்சு பிளாக்கு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். நல்வாய்ப்பாக, இக்கால முறைவழியாக்கிகள் தம்மைத் தாமே காக்கவல்லன. வெப்பம் 100 பாகையளவை அணுகும்போது அவை தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிடிற் கணினி தானே அணைந்துவிடுகின்றது. ஆகவே, ‘பிற்பகலானாற் கணினி சோர்ந்துபோகின்றது’ என்று முறையிடும் மாணவன் பொய் கூறவில்லை. அது சோம்பலன்று, மூச்சுத் திணறல். கழற்றிப் பார்ப்பின் விசிறிக்குக் கீழேயுள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளியெங்கும் தூசி கம்பளிபோலப் படிந்திருத்தலைக் காணலாம்.

நிற்க. ‘வெப்பத்தை இவ்வளவு பெரிதுபடுத்தல் தகுமா?’ என்று வினவுவாரும் உளர். அவர் பக்கத்திலும் சான்று உண்டு. கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வெப்பநிலைக்கும் வன்தட்டின் பழுதுக்கும் உள்ள தொடர்பு, அதுவரை பலரும் நம்பியிருந்ததினும் மிகக் குறைவு என்பது அவர் கண்ட முடிபு. மிகு வெப்பநிலையிலும், ஆண்டு முதிர்ந்த தட்டுக்களிலுமே அதன் கேடு புலப்பட்டது. மிகுதியாகப் பயன்படுத்திய தட்டுக்கள் கூடுதலாகப் பழுதடைந்தமையும், மிகப் புதியனவற்றிலும் மிக முதியனவற்றிலும் மட்டுமே தெளிவாகக் காணப்பட்டது. இதனால் நாம் அறிவது யாது? அளவான வெப்பத்துக்கு அஞ்சவேண்டா. அளவான உழைப்புக்கு அஞ்சவே வேண்டா என்பதேயாம். அத்தட்டுக்கள், காற்றோட்டமும் குளிர்ச்சியும் ஒழுங்குசெய்யப்பட்ட கூடங்களில் ஆட்கள் கண்காணிக்க ஓடியவை என்பதையும் மறத்தலாகாது. துணியுறை போர்த்தி, தூசி நிறைந்து, தகரக் கூரையின்கீழ்த் திணறும் கணினியின் நிலை வேறு. எனவே அவ்வறிக்கை எம் கருத்தை மறுப்பதன்று. பயன்பாட்டைக் கண்டு நடுங்குவோர் அச்சத்தையே அது மறுக்கின்றது.

இக்காலத்தில் வன்தட்டுக்குப் பதிலாக வழங்கும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. எழுதியெழுதி அழித்தலால் அது தேயும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? 500 கிகாபைற்றுக் கொள்ளும் சேமிப்பகம் ஒன்றுக்கு, 300 தெராபைற்று எழுதும்வரை உற்பத்தியாளர் உத்தரவாதம் அளித்தல் வழக்கமாக உள்ளது. நாளொன்றுக்கு 20 கிகாபைற்று எழுதினும் அவ்வெல்லையை எட்ட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு செல்லும். பிள்ளை தட்டும் கட்டுரையால் அது தேய்ந்துவிடும் என்று அஞ்சுவது, நெற்றியில் இட்ட திருநீற்றால் தலை பாரமாகும் என்று அஞ்சுவதை ஒக்கும்.

இனி, ஏற்றுதலும் அணைத்தலும் பற்றிய ஐயம் ஒன்று உண்டு. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை பழுதடைந்தது, பொறியை ஏற்றிச் சூடாகும்போதும் அணைத்துக் குளிரும்போதுமேயாம். எனவே அதனை இயன்றவரை அணையாதே வைத்திருந்தனர். சூடேற விரிதலும் குளிரச் சுருங்குதலும் பொருள்களின் இயல்பாதலால், இணைப்புக்களில் அவ்வலிப்பு ஓயாது நிகழின் அவை வெடிப்புறும். இக்காலக் கணினியிலும் ஈயப்பற்றுக்களுக்கு இவ்வருத்தம் உண்டு. ஆனால் குழாய்க் கணினிக்கு இருந்த அளவில் இல்லை. காலையில் ஒருமுறை ஏற்றி மாலையில் ஒருமுறை அணைத்தல் இன்றைய கணினிக்குச் சுமையன்று. பாடந்தோறும் அணைத்தல் வேண்டா. இரவெல்லாம் எரியவிடுதலும் வேண்டா.

பூட்டிய கூடத்தில், யாரும் தொடாத கணினிகள் ஏன் மாண்டன என்பதனை இப்போது கூறலாம். தாய்ப்பலகையிற் சில்லறைக்காசு போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு; திகதியையும் நேரத்தையும் அமைப்புக்களையும் நினைவில் வைத்திருப்பது அது. சுவரிலிருந்து மின் வரும்வரை அம்மின்கலத்துக்கு வேலை குறைவு. இணைப்பைத் துண்டித்துவிட்டால் அது தன் சொந்த ஆற்றலைச் செலவிட்டு வற்றுகின்றது. யூ.பி.எஸ். எனப்படும் காப்புமின் பெட்டியிலுள்ள ஈயவமில மின்கலமோ, மாதக்கணக்கில் மின்னேற்றம் பெறாவிடின் உள்ளே படிவு கட்டிக் கெடும். அதற்கு வெப்பமும் பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகின்றது. கொள்ளளவிகளும் நெடுங்காலம் மின் காணாதிருப்பின் தம் உட்படலத்தின் வலிமையைச் சிறிது இழக்கின்றன. இவையன்றி, ஓடும் கணினி தன் மெல்லிய சூட்டினால் தன்னுள் ஈரம் தங்கவிடாது. ஓயும் கணினிக்கு அக்காப்பு இல்லை. மாரிகாலத்து ஈரமும், கடல்சூழ்ந்த குடாநாட்டின் உப்புக்காற்றும் தொடுமுனைகளைப் பச்சைபிடிக்கச் செய்கின்றன. அடைத்த அறையும் இருண்ட பெட்டியும் பல்லிக்கும் எறும்புக்கும் எலிக்கும் உவப்பான இல்லம். பாராத உடைமை பாழ் என்றனர் நம் பெரியோர்.

நம் நாட்டு வெயிலை மாற்ற எவராலும் இயலாது. சித்திரை தொட்டு ஆவணிவரை யாழ்ப்பாணத்து நண்பகல் 32, 33 பாகையாக இருத்தல் இயல்பு. ஆனால் கூடத்தின் வெப்பம் நம் கையில் உள்ளது. கணினி ஒன்று வேலையின்போது 100 உவாற்று மின்னைக் கொள்வதாயின், அது முழுதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். 20 கணினிகள் 2000 உவாற்று. அஃது ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் இரண்டனை அறைக்குள் எரியவிட்டதற்கு ஒப்பாகும். அமைதியாக இருக்கும் மனித உடலும் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடும். 40 மாணவர் கூடின் அவர்களே 4000 உவாற்று. ஆகவே, குளிரூட்டி வாங்கப் பணம் இல்லையே என்று ஏங்குவதற்கு முன், எதிரெதிர்ச் சாளரங்களைத் திறத்தல், மேற்கு வெயில் விழாதபடி மறைத்தல், கணினியைச் சுவரோடு ஒட்டாது ஒரு சாண் விலக்கிவைத்தல், நிலத்திலன்றிச் சற்று உயரத்தில் வைத்தல், ஓடும் வேளையில் துணியுறையை முற்றாக நீக்குதல் ஆகியவற்றைச் செய்க. இவற்றிற்குப் பெரும்பணம் வேண்டா. முற்றத்துச் செம்மண் புழுதி சாளரத்தால் வருமெனின், மெல்லிய வலை கட்டுக. அவ்வலையைக் கிழமைதோறும் கழுவுக.

மின்தடையின் கொடுமையை இத்தலைமுறை அறியும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நாடெங்கும் மின் நின்றது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க தொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவையொட்டி ஏறியது. பிறநாட்டிலிருந்து வரும் கணினியின் விலையும் அதனோடு ஏறியது. அதன்பின் ஒரு கணினியை இழத்தல், முன்னர் இழந்ததற்கு ஒப்பன்று. பல பிள்ளைகளின் வாய்ப்பை இழத்தலாம். நகரத்துப் பெற்றோர் சிலர் வீட்டிலேயே கணினி வாங்கிக்கொடுப்பர். தோட்டக்காரன் மகனுக்கும் மீனவன் மகனுக்கும் பாடசாலைக் கணினியன்றி வேறு கணினி ஏது? அவனுக்கும் அதற்கும் இடையிலே தொங்கும் பூட்டு, அவன் எதிர்காலத்தின்மேல் தொங்கும் பூட்டன்றோ?

வெப்பத்தாலும் பயன்பாட்டாலும் வாராத முடிவும் ஒன்று உண்டு என்பதை மறைத்தலாகாது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை அதன் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு ஒற்றோபர் 14 ஆம் நாளோடு பொதுவில் நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த தளமோ, 2017 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட முறைவழியாக்கிகளுட் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. இதனால் உடல்நலமுள்ள கணினிகள் பல ‘காலாவதி’ என்று ஒதுக்கப்படுகின்றன. விலையின்றிக் கிடைக்கும் இலினக்சு முதலிய தளங்களை நிறுவின் அவை இன்னும் பல்லாண்டு பாடஞ் சொல்லும். ஆயினும், பூட்டிவைத்து ‘மிச்சம் பிடிக்க’ எண்ணுவோர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. கணினியின் காலம், நாம் பயன்படுத்தினும் பயன்படுத்தாவிடினும் கழிந்துகொண்டே போகின்றது. பொன்னைப் புதைத்துவைத்தாற் பொன்னாகவே எடுக்கலாம். கணினியைப் புதைத்துவைத்தாற் குப்பையாகவே எடுக்கலாம்.

ஆதலின் கல்லூரிக் குடும்பத்தார் மூவகையினர்க்கும் எம் விண்ணப்பம் இது.

மாணவச் செல்வங்களே, தவணைக்கு ஒருமுறை கணினிகளைத் தூசி நீக்கும் பணியை உங்கள் கழகத்தின் கடமையாகக் கொள்ளுங்கள். ஆசிரியர் முன்னிலையில் மின்செருகியைக் கழற்றிய பின்பே கணினியைத் திறவுங்கள். வெளியே விறாந்தைக்குக் கொணர்ந்து, உலர்ந்த மென்தூரிகையாலும் காற்றூதியாலும் தூசியை நீக்குங்கள். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி உள்ளே செல்லலாகாது. மின்வழங்கிப் பெட்டியை எக்காரணங்கொண்டும் பிரித்தலாகாது. ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்துகின்றோம், நன்று. அதன் மூச்சுத் துளையிலுள்ள தூசியைத் துடைத்தபின் சாத்துவோமாயின் அப்பூசை நிறைவுடையதாகும். ஒரு கணினியைக் கழற்றித் துடைத்து மீளப் பூட்டிய மாணவன், பௌதிகத்தில் வெப்பம் என்னும் பாடத்தைப் பாதி கற்றவனாகிறான்.

ஆசிரியப் பெருமக்களே, அதிபர் அவர்களே, பூட்டிய அறையிற் கெட்ட கணினிக்காக எவரும் விடைகூறுவதில்லை. பாடத்தின்போது பழுதாகிய கணினிக்கு மட்டும் ஆசிரியர் விடைகூற வேண்டியுள்ளது. இந்நிலை நீங்கினாலன்றிப் பூட்டு நீங்காது. பயன்பாட்டில் நேரும் பழுது குற்றமன்று, பயன்படுத்தாமையே குற்றம் என்னும் நியதியைக் கல்லூரி வெளிப்படையாக வகுத்தல் வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, தூசி நீக்கிய நாளையும், மின்கலம் மாற்றிய நாளையும், பயன்படுத்திய மணியையும் எழுதிவருக. அடுத்த விழா மலரில் அக்கணக்கே நமக்குப் பெருமை தரும்.

பழைய மாணவ நண்பர்களே, உங்களிடம் யாம் வேண்டுவது கூடுதற் பணமன்று, பணத்தின் பங்கீடு. பத்துக் கணினிகள் வழங்க எண்ணுவோர் எட்டினை வழங்கி, எஞ்சிய இரண்டின் விலையைப் பராமரிப்பு நிதியாக வைப்பிலிடுக. சிறு மின்கலங்களும், விசிறிகளும், முறைவழியாக்கிமேற் பூசும் வெப்பப் பசையும், ஒரு காற்றூதியும் அந்நிதியிலிருந்து வாங்கப்படுக. பெயர்ப்பலகை எட்டுக் கணினிக்கு மட்டுமே கிடைக்கும் என்று வருந்தற்க. பராமரிப்பு நிதிக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆயினும் ஏனைய பெயர்ப்பலகைகள் துருப்பிடியாது நிற்பது அதனாலேயே.

1990 ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாடு மின்னின்றி இருண்டிருந்த காலத்தில் இங்கே பயின்றோர் ஒன்றை மறந்திரார். ஜாம் போத்தலினுள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் ஒளியிற் படித்தோம். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எண்ணெய் அரிது என்பதற்காக விளக்கை ஏற்றாது பூட்டிவைத்தோமா? இல்லை. திரியைச் சிறிதாக்கினோம், கண்ணாடியைத் துடைத்தோம், ஒளியைப் பகிர்ந்தோம். அருமையான பொருளைக் காக்கும் வழி, அதனை மறைத்துவைத்தலன்று, பேணிப் பயன்கொள்ளுதலே என்பதனை அவ்விளக்கு நமக்குக் கற்பித்தது. அன்று கற்ற பாடத்தை இன்று மறப்பது நமக்குத் தகாது.

பூட்டுக்கள் திறக்கப்படுக, சாளரங்கள் திறக்கப்படுக, தூசி அகலுக. இறைக்க இறைக்க ஊறும் கிணறுபோல, மாணவர் கைபடக் கைபடக் கல்லூரியின் கணினிகள் அறிவை ஊறச்செய்வனவாக. கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.